சென்னியப்பன் மகள் சகி

கோர்ட் டவாலி அய்யாசாமி வாசலில் நின்று "சென்னியப்பன் மகள் சகி" என்று மூன்று தடவை கூப்பிட்டதும், அன்று காலைவரை வெறும் சாப்ட்வேராக இருந்த சகி, செருப்பைக் கீழே மற்றவர்களின் செருப்புகளோடு விட்டுவிட்டு, படியேறி வந்து சாட்சிக் கூண்டில் நின்றாள்.

கூப்பிட்டால் வரவேண்டியதுதானே என்பது அய்யாசாமியின் கட்சி. முகவரி மாறிப் போனவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று வக்கீல் எழுதிக் கொடுத்தவர்கள்கூட அவருடைய மூன்றாவது கூப்பாட்டுக்குள் எங்கிருந்தாவது மூச்சிரைக்க வந்து நின்றிருக்கிறார்கள். இவள் மூச்சிரைக்காமல் வந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்தக் கட்டடம் வரும்வரை என்று சொல்லி அந்தத் தொழிலாளர் நீதிமன்றத்தை ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்திருந்தார்கள். சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய அமைச்சர் அதன்பிறகு கட்சி மாறி, மாறிய கட்சியிலிருந்தும் மாறி, எந்தக் கல்லை எங்கே நட்டோம் என்று தனக்கே தெரியாத நிலைமையில் இருந்தார். நீதிபதி அம்மா மணமேடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் பக்கம் கம்பெனி வக்கீல்களும் பெண் வீட்டார் பக்கம் வேலை போனவர்களும் உட்காருவது, யாரும் சொல்லாமலே வழக்கமாகியிருந்தது. பெண் வீட்டார் பக்கத்து மின்விசிறி ஓடாது என்பதும் கல்யாணக் காலத்திலிருந்தே வருகிற வழக்கம்தான்.

அந்த ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த துளசிமணி வழக்குப் போட்டவள். சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில், அதாவது தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையும் கறையும் தையல் விட்ட இடமும் பார்த்து ஒதுக்குகிற வேலையில், முதல் நரை விழுவதற்கு முன்னால் சேர்ந்து, நரைக்கு மை போடுவதை நிறுத்திய பிறகும் இருந்தவள். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில் அவள் போனில் ஒரு செய்தி வந்தது. எங்களுடனான உங்கள் பயணம் இன்றுடன் இனிதே நிறைவடைகிறது, தங்கள் வருங்காலம் சிறக்க வாழ்த்துகள், இப்படிக்கு சகி என்றிருந்தது. கீழே கைகூப்பிய பொம்மை ஒன்று. எங்கேயோ டூர் கூட்டிப்போகிறவர்களின் விளம்பரம் என்று நினைத்து அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள். கேட் திறக்கவில்லை.

அந்த கேட் மட்டும் இல்லை. சகியை முதன்முதலில் ஊருக்குக் கொண்டுவந்தவர் சென்னியப்பன்தான் என்றாலும், நல்ல பொருளை நாலு பேரோடு பகிர்ந்துகொள்கிற மனசு அவருக்கு இருந்தபடியால், ஊரின் மற்ற முதலாளிகளும் அவரிடமிருந்து அதே சகியை வாடகைக்கு வாங்கியிருந்தார்கள். ஒரு கேட்டில் வேண்டாம் என்று ஆனவள் எல்லா கேட்டிலும் வேண்டாம் என்று ஆனாள். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை வழியாக யார் எப்போது வந்தார், எத்தனை தடவை எழுந்தார், யாரோடு பேசினார், பேசியபோது குரல் எவ்வளவு ஏறியது என்றெல்லாம் சகி பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்ததையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டாள், மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கைகூப்பினாள்.

துளசிமணி எங்கே போய்க் கேட்டாலும் கேட்ட இடத்தில் ஆள் இருந்தார், கை மட்டும் இல்லை. நானாம்மா எடுத்தேன், சகி எடுத்தது என்றார் மேனேஜர். லைன் சூப்பர்வைசர் மகுடீஸ்வரன் தனக்கும் காலையில்தான் தெரியும் என்றார். "என்ற கைல என்னம்மா இருக்குது" என்று சென்னியப்பன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தே காட்டினார். மோதிரங்களைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக் போகிற மகனை வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கில் பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த துளசிமணிக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. அந்த கேட் திறக்க வேண்டும். திறக்காவிட்டாலும், தான் செய்த தப்பு என்னவென்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற ஹமீதா பானு வக்கீல் அவளுக்காக ஒரே ஒரு மனுத்தான் போட்டார். நீக்கல் செய்தியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். கம்பெனி வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. வராத சாட்சியை வைத்து எத்தனை வாய்தா வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது அவர் அனுபவம். சம்மன் எழுத உட்கார்ந்த பெஞ்ச் கிளார்க்குக்கு மட்டும் ஒரு சிக்கல் வந்தது. தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தக் கோர்ட்டில் சம்மன் நகராது. கல்யாணமானது பற்றித் தகவல் இல்லாததால் கணவரை விட்டுவிட்டு, ஊருக்குக் கொண்டுவந்தவர் யாரோ அவரே தகப்பன் என்று முடிவுசெய்து, சென்னியப்பன் என்று எழுதி, முத்திரையும் குத்தினார். அய்யாசாமி எழுதியிருந்ததைக் கூப்பிட்டார். சகி வந்தாள்.

பெரிய கண்ணாடியும் கோட்டும் போட்ட ஒரு மேடத்தைத்தான் துளசிமணி இத்தனை நாளும் மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வந்து நின்றதோ செக்கிங் பிரிவில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் பொருந்துகிற ஒரு பெண். எண்ணெய் வைத்து வாரிய தலை, பிளாஸ்டிக் கிளிப், கழுத்தில் அட்டை. உற்றுப் பார்த்தால் புருவம் பேக்கிங் ராஜாத்தியுடையது, நிற்கிற விதம் அயர்ன் மேசை வேலம்மாளுடையது. எல்லோரையும் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள். நெற்றி மட்டும் அப்படியே சென்னியப்பன். பெயரைச் சொல்லச் சொன்னதும் அவள் "சகி" என்றாள், அதைக் கேட்டு பெண் வீட்டார் பக்கத்தில் பாதிப் பேர் தம்மையறியாமல் கழுத்தில் அட்டை தொங்கிய இடத்தைத் தொட்டுக்கொண்டார்கள். காலையில் உங்கள் வருகை பதிவானது நன்றி என்று சொல்கிற அதே குரல். கடவுள் அறிய என்றோ மனசாட்சிப்படி என்றோ உறுதிமொழி எடுக்கலாம் என்றார்கள். இரண்டில் எது சுருக்கமானது என்று கேட்டு அதைச் சொன்னாள்.

கம்பெனி வக்கீல் எழுந்து, சாட்சி இப்படித் திடுதிப்பென்று வருமென்று தமக்குத் தெரியாதென்றும் தயாராக அவகாசம் வேண்டுமென்றும் சொல்ல, நீதிபதி அம்மா அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார். எல்லோரும் எழுந்தார்கள். சகி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். சாட்சியைக் கூப்பிட வழக்கம் இருக்கிறதே தவிரத் திருப்பி அனுப்ப வழக்கம் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சாட்சிகள் இதுவரை தாமாகவே வீட்டுக்குப் போனார்கள், இவளுக்கு வீடில்லை. லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் ஆதார் எண் கேட்டபோது சகி ஊரிலுள்ள எல்லோருடைய எண்ணையும் சொல்ல ஆரம்பித்தாள், வார்டன் பயந்து கதவைச் சாத்திவிட்டார். கடைசியில், பழைய வழக்குக் கட்டுகளை அடைத்து வைத்திருந்த மணமகள் அறையில் ஒரு பாய் விரிக்க இடம் ஒழித்துக் கொடுத்தார்கள்.

ஊர் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் ஊருக்கு வேலை இருந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஊரில் ஆச்சரியத்துக்கு ஏது நேரம். மறுநாளே மண்டபத்துக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் சகியைப் பார்க்க டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார். வேலை கிடைக்குமா என்று கேட்க வந்தவர்களைவிட, பெண் கொடுக்கலாமா என்று கேட்க வந்தவர்கள்தான் அதிகம். ஜாதகத்தையும் மாப்பிள்ளை பையனின் போட்டோவையும் மணமகள் அறை வாசலில் நீட்டி, பையன் வேலையில் நிலைப்பானா என்று கேட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குள் விலக வாய்ப்பு அதிகம் என்று அவள் சொன்னால், கம்பெனியிலிருந்தா கல்யாணத்திலிருந்தா என்று தெளிவுபடுத்திக்கொள்ளக்கூட நிற்காமல் எழுந்து போனார்கள். இரண்டு பொருத்தம் குறைந்தாலும் பரவாயில்லை, சகி மார்க் நல்லாயிருந்தால் போதும் என்று ஜோசியர்களே சொல்லுமளவுக்கு வந்துவிட்டது. இரண்டு தொழிற்சங்கங்கள் அவளை உறுப்பினராக்கப் போட்டி போட்டன. வார விடுமுறை இல்லாமல், ஒரு ராத்திரிகூடக் கண்ணயராமல், பி.எஃப். பிடித்தமும் இல்லாமல் வேலை வாங்கப்பட்ட தோழர் சகி என்று ஒரு சங்கம் சுவரொட்டி ஒட்ட, அதே சுவரில் அவளால் வேலை இழந்தவர்களின் கண்ணீர் அஞ்சலியை இன்னொரு சங்கம் ஒட்ட, இரண்டிலும் ஒரே போட்டோ இருந்தது.

சகி இல்லாத கம்பெனிகளின் பாடுதான் சொல்லும்படி இல்லை. யார் நேரத்துக்கு வந்தார் என்று சொல்ல ஆளில்லாமல், மேனேஜர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. கண் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சென்னியப்பனின் மேனேஜர் தன் வருகை பதிவாகவில்லை என்பதால், தான் வந்திருக்கிறோமா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் ஒரு பகல் முழுக்க கேட்டுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் ஊரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கவனிக்கிறவள்தான் மணமகள் அறையில் இருந்தாளே.

சென்னியப்பனின் மனைவி சாந்தாமணி, உறவுக்காரர்கள் நாலு விதமாகப் பேசியதைக் கேட்டு, ஒருநாள் காரெடுத்துக்கொண்டு வந்து நெற்றியைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டும் பையன்களாகப் பெற்றவர். வீட்டுக்குப் போய்க் கணவரோடு பேச்சை நிறுத்தினார். அது மெஷின், புள்ளை இல்லை என்று சென்னியப்பன் விளக்கியதற்கு, கோர்ட்டு முத்திரையோட தகப்பன் பேரு வந்திருக்குது என்று சமையல்கார அம்மா மூலமாகப் பதில் சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை வரும்போது இரண்டு செட் சுடிதாரும் ஒரு டிபன் கேரியரும் கொண்டுவந்தார்.

துளசிமணியும் ஒருநாள் வந்தாள். டோக்கன் வாங்கி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வாசலில் குந்தி, "நான் என்ன கண்ணு தப்புப் பண்ணினேன்" என்று கேட்டாள்.

"வழக்கு நடக்குதுங்கக்கா. எதிர்த்தரப்போட பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் சகி. பிறகு, பாத்ரூம் சாவி அய்யாசாமி சாரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியுமா என்று விசாரித்தாள். தெரியாது என்று துளசிமணி சொல்லிவிட்டு எழுந்துவந்தாள். படியிறங்கி வந்த பிறகு, என்ன நினைத்தாளோ, எதிர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அய்யாசாமியைத் தேடிப்போய்ச் சாவியை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

வாய்தா நாளில் மண்டபம் கல்யாணக் கூட்டம்போல் இருந்தது. செக்கிங் பிரிவிலிருந்து மட்டும் ஒருத்தியும் வரவில்லை. ஹமீதா ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய்ச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார். எல்லோரும் காபி கொடுத்தார்கள், துளசியக்கா மாதிரி உண்டா என்று கண்ணைத் துடைத்தார்கள், கோர்ட்டுக்கு வந்தால் அரை நாள் போகும் என்றார்கள், அக்காவே எங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடுவாங்க என்று வழியனுப்பி வைத்தார்கள்.

ஹமீதா விசாரணையைத் தொடங்கினார். துளசிமணி ஒதுக்கத் தவறிய பனியன் ஏதும் உண்டா. இல்லை என்றாள் சகி. தாமதமாக வந்தாரா. இல்லை. அப்படியானால் எதற்காக நீக்கினீர்கள்.

"அவங்க அடிக்கடி எழுந்து சூப்பர்வைசர் மேசைக்குப் போனாங்க."

அதிலென்ன தப்பு என்று ஹமீதா கேட்டார். தப்பு என்று தான் சொல்லவில்லை என்றாள் சகி. தான் வருவதற்கு முன்னால் இந்தக் கம்பெனியில் பல வருஷமாக யார் யாரை வெளியே அனுப்பினார்கள் என்ற விவரத்தையெல்லாம் கொடுத்து, இதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொன்னார்கள், பார்த்தாள், சூப்பர்வைசர் மேசைக்கு யார் அடிக்கடி எழுந்து போகிறாரோ அவர் கொஞ்ச நாளில் அனுப்பப்படுகிறார் என்று தெரிந்தது, அதைத்தான் அவள் கற்றுக்கொண்டாள். அவர்கள் தயங்கித் தயங்கி, வேறு காரணம் எழுதிச் செய்ததைத் தான் தயங்காமல் செய்ததுதான் முன்னேற்றம் என்று கம்பெனி தனக்குப் பாராட்டும் தெரிவித்தது என்றாள்.

மேசைக்குப் போய் துளசிமணி என்ன கேட்டார் என்பது பதிவாகியிருக்கிறதா என்று ஹமீதா கேட்டார்.

"இருக்குது. ராஜாத்தி மாசமா இருக்குது, நைட் ஷிப்ட் போடாதீங்க. வேலம்மாளுக்குக் கை சுட்டுப்போச்சு, மருந்து வேணும். கோமதிக்கு பாத்ரூம் போகணும், சாவி குடுங்க. மூணாவது மேசைக்காரிக்குக் கண்ணு கூசுது, லைட்டைத் திருப்பி வைங்க."

துளசிமணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிரிவில் அது ஒரு வழக்கம். தனக்கென்று போய்க் கேட்பது அங்கே எல்லோருக்கும் கூச்சம், அடுத்தவளுக்கென்றால் கேட்டுவிடலாம். அதனால் இவளுக்காக அவளும் அவளுக்காக இவளும் போய்க் கேட்பார்கள். ஆரம்பத்தில் முறை மாற்றித்தான் போனார்கள். போகப் போக, நல்லாப் பேசுவாங்க என்று எல்லோரும் துளசியக்காவிடமே சொல்லிவிட, எல்லோருக்காகவும் அவளே எழுந்தாள். அவளுக்காக எழ ஒருத்தியும் மிச்சமில்லை.

"தனக்குன்னு என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலை. அதனால அவங்களுக்குக் குறை எதுவும் இல்லைன்னு பதிவு. குறையே இல்லாதவங்க அடிக்கடி எழுந்து போறது தேவையில்லாத நடமாட்டம்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். துளசிமணிக்கு அழுகை வரும் என்று ஹமீதா கைக்குட்டையோடு திரும்பினார். வரவில்லை. ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த காரணம் இதோ கிடைத்துவிட்டது, கையில் வாங்கிப் பார்த்தால் மற்றவர்களின் சாமான்கள். இதில் எதை எடுத்து வைத்துக்கொள்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சகி மனுஷி அல்ல, சாப்ட்வேர். அது சொன்ன எதுவும் சாட்சியம் ஆகாது என்று நீளமாக வாதாடினார். நீதிபதி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, சகி யாருமில்லை என்றால் துளசிமணியை நீக்கியது யார் என்று கேட்டார். மேனேஜர் இல்லை என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலாளியும் அப்படியே. "நீக்கினவர் யாருமே இல்லைன்னா நீக்கம்னு ஒண்ணு நடக்கவே இல்லையே. அந்தம்மா இன்னும் வேலையிலதானே இருக்காங்க?" நீதிபதி அம்மா தொடர்ந்தார். இல்லை, சகி ஒரு ஆள்தான் என்றால் அவருக்குச் சம்பளம், விடுமுறை, பி.எஃப். எல்லாம் எங்கே என்று அடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். அது வேறு வழக்கு, சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் மனுவோடு வெளியே நிற்கிறார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் வக்கீல் சென்னியப்பனோடு காருக்குள் உட்கார்ந்து யோசித்தார். யோசித்துவிட்டு வந்து, கம்பெனியின் புதிய நிலைப்பாட்டைச் சமர்ப்பித்தார். சகி ஒரு ஊழியர்தான். அதிகார வரம்பை மீறி, நிர்வாகத்துக்குத் தெரியாமல், தன்னிச்சையாக இந்த நீக்கத்தைச் செய்த ஊழியர். அந்தக் குற்றத்துக்காக இன்று மதியம் முதல் அவர் வேலையைவிட்டு நீக்கப்படுகிறார்.

தனக்கான செய்தி தன் அட்டையில் வந்தபோது சகி கூண்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். படித்தாள். கைகூப்பிய பொம்மையைப் பார்த்தாள். இதைத் தான்தான் எழுதினேன் என்றும், வரிகள் நன்றாக இருப்பதாகத் தனக்கு அப்போது பட்டது என்றும், யாரும் கேட்காமலே கோர்ட்டில் சொன்னாள்.

வரம்பு மீறிய ஊழியர் செய்தது செல்லாது என்றால் துளசிமணியின் நீக்கமும் செல்லாது. அதே பிரிவில், அதே மேசையில், பணித்தொடர்ச்சியோடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி அம்மா உத்தரவிட்டார். துளசிமணி ஹமீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து அதே நேரத்தில் சாந்தாமணி எழுந்து நின்று, இத்தனை வாரம் கழித்துக் கணவரோடு முதன்முறையாக நேருக்கு நேர் பேசினார். "பெத்த புள்ளையை வேலையை விட்டுத் தூக்கறீங்களா? பையனுகளை மட்டும் அடிமட்டத்துல இருந்து தொழில் பழகட்டும்னு வுட்டீங்கல்ல?" கோர்ட்டில் பேசக்கூடாது என்று அய்யாசாமி சொல்லிப் பார்த்தார். சென்னியப்பன் கைகளை விரிக்கவில்லை. மறுநாளிலிருந்து சகி, முதலாளி வீட்டுப் பெண் தொழில் பழகுகிற முறைப்படி, அடிமட்டத்துக்கு, அதாவது செக்கிங் பிரிவுக்கு அனுப்பப்பட்டாள்.

துளசிமணிக்கு கேட் திறந்தது. அதே பிரிவு, அதே மேசை, தலைக்கு மேலே அதே ட்யூப் லைட். உத்தரவில் நாற்காலி என்று எழுதியிருக்கவில்லை; அதனால் நாற்காலி இல்லை. மகுடீஸ்வரன் உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எல்லாம் சட்டப்படி இருக்குதும்மா என்றார். கம்பெனியும் சட்டத்திலிருந்து பாடம் படித்திருந்தது. பெங்களூரிலிருந்து அன்னை என்று ஒரு புது சாப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். அன்னை யாரையும் நீக்காது. பரிந்துரை மட்டும் செய்யும். அடியில் மனுஷர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த மனுஷர் மகுடீஸ்வரன். அவருக்கு அதற்கென்று ஒரு நல்ல பேனாவும் கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் துளசிமணி நின்றுகொண்டே வேலை பார்த்தாள். இரண்டாம் நாளும். சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிச் செருப்பின் வார் பதிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ராஜாத்தி பேக்கிங்கிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், கோமதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். கழுத்து அட்டையில் அன்னை விழித்திருந்ததால் ஒருத்தியும் எழவில்லை. துளசிமணி சூப்பர்வைசர் மேசையைப் பார்ப்பாள். கால் அசையாது. ராஜாத்திக்கு, வேலம்மாளுக்கு, பெயர் தெரியாத புதுப்பெண்ணுக்கெல்லாம் தடதடவென்று போன கால். எத்தனை நாள் இப்படி நிற்க முடியும் என்று கம்பெனி காத்திருந்தது; அவளாகவே வேலையை விட்டு நின்றுவிட்டால் எந்தக் கோர்ட்டும் ஒன்றும் கேட்காது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில், ஷிப்ட் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று மனசுக்குள் வந்துவிட்டது.

பக்கத்து மேசையில் தப்பும் தவறுமாகப் பனியன் பார்த்துக்கொண்டிருந்த சகி, "அக்கா, உங்களுக்கு நாற்காலி வேணுங்களா" என்று கேட்டாள்.

"வேண்டாம்னுட்டா நிக்கறேன்?"

"அப்ப ஏன் கேக்கலை?"

"எனக்குன்னு எப்படி கண்ணு போய்க் கேக்கறது."

சகி கையிலிருந்த பனியனை மடித்து வைத்தாள். அடுத்தவளுக்கென்றால் கேட்கலாம் என்பது பதிவில் இருந்தது. எழுந்து, இத்தனை வருஷம் மற்றவர்கள் நடந்ததாகக் குறித்து மட்டுமே வைத்திருந்த அந்தப் பாதையில் நடந்து, மகுடீஸ்வரன் மேசைக்கு முன்னால் போய் நின்று, துளசியக்காவுக்கு நாற்காலி வேணும் என்றாள்.

மகுடீஸ்வரன் அந்த நெற்றியைப் பார்த்தார். நாற்காலி வந்தது.

துளசிமணி அதில் உடனே உட்காரவில்லை, கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த கோமதிக்கு என்ன தோன்றியதோ, அட்டையைத் திருப்பி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு எழுந்தாள்; இந்தப் புள்ளைக்குச் சாப்பாட்டு டோக்கன் இன்னும் தரலையே சார் என்று சகிக்காகக் கேட்டாள். கோமதி திரும்புவதற்குள் வேலம்மாள், கோமதி மேசைக்கு மேலே லைட் மினுக்குவதைச் சொல்லப் போனாள். வேலம்மாளுக்காக ராஜாத்தி வந்தாள். ராஜாத்திக்காக, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்கு நேரத்துக்கு வீட்டுக்குப் போகணுமே சார் என்று, இதுவரை வாய் திறந்தே யாரும் கேட்டிராத மூணாவது மேசைக்காரி வந்தாள். அன்று பிற்பகல் முழுக்க, கோயில் பிரகாரம் சுற்றுகிறவர்களைப்போல, ஒருத்தி திரும்ப ஒருத்தி எழுந்து அந்த மேசைக்குப் போய்வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்ல மகுடீஸ்வரனும் எழுந்து எழுந்து மேனேஜர் அறைக்கு நடந்தார்.

ஷிப்ட் முடிகிற மணிக்கு அன்னையின் பரிந்துரை அவர் கணினியில் வந்தது. செக்கிங் பிரிவு முழுவதும் இருந்தது. பேக்கிங்கில் ராஜாத்தியும் அயர்னில் வேலம்மாளும் இருந்தார்கள். முதலாளி மகள் இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, மிக அதிகமான தேவையற்ற நடமாட்டம் என்ற குறிப்போடு, மகுடீஸ்வரன் என்றிருந்தது. பரிந்துரையைப் பாதியாகப் பிரிக்க முடியாது. ஒரே கையெழுத்து, எல்லோருக்கும்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். பிறகு எழுந்து, அதுவும் பதிவாகும் என்று தெரிந்தே, மேசைகளுக்கு நடுவில் நடந்து துளசிமணியிடம் வந்தார். இத்தனை வருஷத்தில் அவளை அவர் ஏம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை முதலாளிகிட்ட… எனக்காக…"

துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்திருந்த பனியனை மெதுவாகத் திருப்பி, மறுபக்கமும் ஒருதரம் பார்த்து, நல்ல பீஸ் என்று மடித்து வைத்தாள்.

"இப்பத்தானுங் சார் உக்காந்தேன்" என்றாள்.